குடம் குடமா போர் தண்ணி குடிச்ச டிராக்டர்

மூணு நாளா வயிறு எரிஞ்சிகினு கீது, இங்க கொட்டலன்னா இன்னிக்கும் தூக்கம் வராது.

நமக்கு குடியாத்தம் பக்கம். நவரை நெல்லு அறுத்து முடிச்சி வைக்கோல் கட்டுற மிஷின் ஓட்ற நேரம் இது, வருஷத்துல இந்த இருவது நாள்ல தான் வண்டி நாலு காசு பாக்கும். கத்திரி வெயில் மண்டைய பொளக்குது, சரியா இந்த நேரம் பாத்து டிராக்டர் கொதிக்குது. அர மணி நேரம் ஓட்னா சூடு காட்ற முள்ளு செவப்புக்கு போய்டுது, நிறுத்திட்டு வேப்பமரத்தாண்ட ஒரு மணி நேரம் காவல் காக்கணும். கழனிக்காரரு வந்து "இன்னாபா, ஓட்ற நேரத்த விட நிக்கிற நேரம் ஜாஸ்தியா கீது, மழ வந்து வைக்கோல் நனைஞ்சா நீயா குடுப்ப"ன்றாரு. அவர சொல்லி இன்னா பண்றது.

மெக்கானிக்க கூட்டியாந்தேன். வந்தாரு, பானட்ட தூக்குனாரு, ரெண்டு நிமிஷம் முழுசா நிக்கல, "ஹெட் கேஸ்கெட் போச்சி, எறக்கணும், இருவதாயிரம் ரெடி பண்ணிக்க". எப்டிய்யா கண்டுபுட்ச? ஆயில் பாக்குற கம்பி, அந்த டிப்ஸ்டிக்க கூட உருவி பாக்கல! கேஸ்கெட்டுன்றது என்ஜின் தலைக்கு அடில தண்ணியும் ஆயிலும் கலக்காம அடைக்கிற தகடு; அது போயி தண்ணி உள்ள எறங்கியிருந்தா ஆயிலு பால் டீ கலர்ல வரும், இல்லன்னா ஆறுன வண்டில, என்ஜின் தண்ணிய ஆற வெக்கிற ரேடியேட்டரோட மூடிய தொறந்து வெச்சி ஸ்டார்ட் பண்ணா வுடாம கொப்புளம் கொப்புளமா வரும். நானே பாத்தேன், ஆயிலு கருகருன்னு நல்லா கீது, கொப்புளமும் இல்ல. அப்றம் எதுக்கு இருவதாயிரம்? "சரிண்ணா சொல்றேன்"னு அனுப்பிட்டு நானே ஸ்பேனர எடுத்தேன். கெங்கையம்மன் சிரசு திருவிழா வேற, குடியாத்தத்துல பாதி கட மூடிட்டான், வேற வழியும் இல்ல.

மொதல்ல ரேடியேட்டருக்கு போற மேல் ஓஸ் பைப்ப கழட்டி தெர்மோஸ்டாட் வால்வ பாக்கலாம்னு தொறந்தா உள்ள ஒண்ணுமே இல்ல. காலி! அப்ப தான் ஞாபகம் வந்துச்சி, போன வருஷம் இதே மெக்கானிக்கு "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குண்ணா, இது குளுருக்கு போட்டது"ன்னு எடுத்து தூர போட்டாரு, நானும் பல்ல இளிச்சிகினு சரின்னேன். அட, வேணான்னா கம்பெனிக்காரன் எதுக்கு போட்டிருப்பான்? அது மூடி இருந்தா தான் என்ஜின் சீக்கிரம் சூடாவும், சூடானதும் அதுவே தொறந்து தண்ணிய ரேடியேட்டருக்கு வுடும், தொறக்கும்போது தண்ணி என்ஜினுக்குள்ளயே சுத்துற பைபாஸ் வழிய அடைக்கிற மாதிரி கூட சில வண்டில வெச்சிருப்பான். அந்த மாதிரி வண்டில அத்த புடுங்கிட்டா பாதி தண்ணி ரேடியேட்டர் பக்கமே போவாம உள்ளயே சுத்திகினு கெடக்கும். வேலூர் போயி புதுசு வாங்கியாந்தேன், 82 டிகிரின்னு மேல அடிச்சிருக்கு. ஊட்ல பால் காய்ச்சுற பாத்திரத்துல தண்ணி வெச்சி கொதிக்க வுட்டு அதுல கட்டி தொங்க வுட்டு பாத்தேன், அழகா வாய தொறந்துச்சி. ஊட்ல கெடச்ச திட்டு தனி கணக்கு.

அடுத்தது வாட்டர் சர்வீஸ் பையன். ரேடியேட்டர் முன்னாடி பூரா வைக்கோல் தூசி, சல்லடைக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல மெத்த மாதிரி. போன வாரம் தான் கழுவ வுட்டேன். ஃபேனு காத்த முன்னாடில இருந்து உள்ள இழுக்குது, அப்போ தூசி வந்த வழியாவே வெளிய தள்ளணும்னா என்ஜின் பக்கம் இருந்து முன்னாடி பாத்து மெதுவா அடிக்கணும். இவன் முன்னாடி நின்னுகினு லாரி சக்கரத்துக்கு அடிக்கிற பிரஷர்ல அடிச்சி தூசிய இன்னும் உள்ள சொருவி, ரேடியேட்டர்ல காத்து போற மெல்லிசு தகடு, அந்த ஃபின்னு பூரா மடிச்சி வுட்டுட்டான். மடிஞ்ச எடத்துல காத்து எப்டிடா போவும்?

இதெல்லாம் கூட வுட்டுடுவேன். ரேடியேட்டர் கீழ தண்ணி எறக்குற திருகு, அந்த ட்ரெய்ன் காக்-அ தொறந்தேன் பாருங்க, ஒரு சொட்டு வரல. கம்பி வுட்டு குத்துனதும் செங்கல்லு கலர்ல சேறு, அதோட வெள்ள வெள்ளயா ஓடு. எங்க போர் தண்ணி எப்டின்னு எங்க ஊருக்கே தெரியும், அண்டால காய வெச்சா அடில சுண்ணாம்பு அடிச்ச மாதிரி படியும், குடிக்க கேன் தண்ணி தான் வாங்குறோம். மனுஷன் குடிக்க மாட்டான், ஆனா ஈர்க்குச்சி தடிமன்ல டியூபு இருக்குற ரேடியேட்டர்ல மட்டும் குடம் குடமா ஊத்தலாமா? எவன்டா ஊத்துனதுன்னு தெருவே கேக்குற மாதிரி கத்துனேன். நைனா திண்ணைல இருந்து "நான் தான்டா"ன்றாரு. "அந்த காலத்துல கெணத்து தண்ணி தான் ஊத்துனோம், ஓடல?" நைனா கிட்ட இன்னாத்த கத்துறது. அந்த பழைய வண்டிக்கு எத்தினி தபா ரேடியேட்டர் மாத்துனாருன்னு கேக்க வாய் வந்துச்சி, முழுங்கிட்டேன்.

ஒரு நாள் பூரா கழுவி கழுவி ஊத்துனேன், தெளிவா வர்ற வரைக்கும். ரேடியேட்டர் மூடில ரப்பர் வெடிச்சி இருந்துச்சி, பிரஷரே நிக்காது, அதுவும் புதுசு. ஃபேன் பெல்ட்ட கட்டவெரல்ல அமுக்குனா ஒரு இஞ்ச்சுக்கு மேல தொங்குது, இழுத்து டைட் பண்ணேன். அப்றம் கூலன்ட் பாதி, டிஸ்டில் வாட்டர் பாதி. எல்லாம் சேத்து மூவாயிரம் கூட தாண்டல. இன்னிக்கி சாயங்காலம் ரெண்டு மணி நேரம் மிஷின் ஓட்னேன், முள்ளு நடுவுல நிக்குது, அசையல.

இத டைப் பண்ணும்போது தான் சர்வீஸ் பையன் ஃபோன் பண்றான், "அண்ணா, அந்த நூறு ரூபா பாக்கி ஜீபே பண்ணுங்கண்ணா". பண்றேன்டா தம்பி. நீ மடிச்சி வுட்ட ஃபின்னுங்கள குண்டூசி வெச்சி ஒண்ணொண்ணா நிமித்திகினு கீறேன், இன்னும் அரவாசி கூட முடியல, முடிச்சிட்டு பண்றேன்.