புக்கிட் லாவாங்கில் ஒராங்குட்டானுக்குக் கையால் பழம் கொடுக்கலாமா?

"சுமத்ராவின் புக்கிட் லாவாங் போனால் ஒராங்குட்டானுக்குக் கையாலேயே வாழைப்பழம் ஊட்டி, கட்டிப்பிடித்துப் படம் எடுக்கலாம். மறுவாழ்வு மையம் என்பதால் எல்லாமே சாதுவானவை" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தயவுசெய்து நம்பாதீர்கள்.

இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில், குனுங் லெய்சர் தேசியப் பூங்காவின் ஓரத்தில், மனிதர்களிடம் வளர்ந்த ஒராங்குட்டான்களைக் காட்டு வாழ்க்கைக்குப் பழக்கும் மறுவாழ்வு மையம் 1973-ல் தொடங்கியது உண்மைதான். ஆனால் அங்கே புதிய விலங்குகளைச் சேர்ப்பதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. அவை வந்து தின்ன மேடையில் பழம் வைக்கும் வழக்கமும் நின்றுவிட்டது. வட சுமத்ராவில் மீட்கப்படுபவை இப்போது மேடான் நகருக்கு அருகே தனிமைப்படுத்தப்பட்டு, சிகிச்சைக்குப் பிறகு ஜம்பி, ஜந்தோ காடுகளில் விடப்படுகின்றன.

சாதுவானவை என்பதும் தவறு. மனிதர்களிடம் வளர்ந்து காட்டுக்குத் திரும்பிய மீனா என்ற பெண் ஒராங்குட்டான், பாதையில் குட்டியோடு வந்து ஆட்களின் கையைப் பிடித்துக்கொள்வதுண்டு என்று பெயர் பெற்றது. பழம் கிடைக்காவிட்டால் கடித்ததும் உண்டு. அதனிடம் கடிபட்ட வழிகாட்டிகள் பலர். பழம் கொடுத்துக் கொடுத்து நாம்தான் இப்படிப் பழக்கிவிட்டோம்.

அப்புறம் நோய். நம் சளியும் காசநோயும் அவற்றுக்கும் தொற்றும். ஒரு தாய் அடுத்த குட்டி ஈன ஏழெட்டு வருடம் ஆகும். ஒன்று செத்தாலும் பெரிய இழப்பு.

குறைந்தது 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள். இருமல் இருந்தால் காட்டுக்குள் போக வேண்டாம். பழத்தைக் காட்டிக் கூப்பிடும் வழிகாட்டியிடம் 'வேண்டாம்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.