கணுக்கால் தண்ணீரில் ஐந்து பேர்

பயணப் படத்தைப் போட்ட பத்தாவது நிமிடம் பெரியப்பா மகன் கேட்டுவிட்டார்: "இவ்வளவு செலவு செய்து குரோஷியா வரை போய், கணுக்கால் தண்ணீரில் பந்து தட்டிவிட்டா வந்தீர்கள்?"

ஆமாம் அண்ணா. நான்கு நாளும் அதைத்தான் செய்தோம். வருத்தப்படவில்லை. ஏன் என்று கீழே பதில் எழுதத் தொடங்கினேன், நீண்டுவிட்டது. தனிப் பதிவாகவே போடுகிறேன்.

கல்லூரியில் ஒரே பெஞ்சைத் தேய்த்த ஐந்து பேர், இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்துக் குடும்பங்களை விட்டுவிட்டுக் கிளம்பினோம். மூன்று ஆண்கள், இரண்டு பெண்கள், மொத்தம் ஏழு முழங்கால் வலிகள். ஊர் ஸ்ப்ளிட். ஏட்ரியாட்டிக் கடலோரத்தில், ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் தன் ஓய்வுக்காலத்துக்குக் கட்டிக்கொண்ட அரண்மனைக்குள்ளேயே முளைத்த நகரம். 305ஆம் ஆண்டு அவர் தாமாகப் பதவியை விட்டு இங்கே வந்தார். மறுபடி ஆட்சிக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டபோது, "என் கையால் வளர்த்த முட்டைக்கோஸைப் பார்த்தால் இப்படிக் கேட்கமாட்டீர்கள்" என்றாராம். உண்மையோ கதையோ, இந்த ஊருக்கு முதலில் ஓய்வெடுக்க வந்த பெரிய மனிதர் அவர்தான். நாங்கள் அவருடைய வழியில் வந்தவர்கள்.

எங்களில் ஒருவன் கணக்காளன். மணிவாரியாகத் திட்டம் போட்டு, அச்சடித்து, ஆளுக்கொரு பிரதி கொடுத்திருந்தான். முதல் நாள் காலை அதன்படிதான் நடந்தோம். நிலவறை மண்டபங்கள், தூண்கள் சூழ்ந்த முற்றம், எகிப்திலிருந்து கொண்டுவந்த, மனிதத் தலையும் சிங்க உடலுமான கறுப்புக் கல் ஸ்பிங்ஸ். கிறிஸ்தவர்களை வேட்டையாடிய பேரரசருக்காக எழுப்பிய கல்லறை மாடம், பிற்பாடு அவர் காலத்தில் கொல்லப்பட்ட ஆயர் டோம்னியுஸின் பெயரிலேயே தேவாலயமாகிவிட்டது. டயோக்ளீஷியனின் உடல் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. இதைக் கேட்டதும் எங்களில் மருத்துவரான தோழி சிரித்த சிரிப்பில் பக்கத்துக் குழுவின் வழிகாட்டி திரும்பிப் பார்த்து முறைத்தார்.

அங்கிருந்து மீன் சந்தை. பக்கத்திலுள்ள கந்தக ஊற்றினால் இந்தச் சந்தைக்கு ஈ வராது என்பார்கள். மருத்துவத் தோழி விடவில்லை. கால் மணி நேரம் ஒவ்வொரு தட்டாக ஈ தேடினாள். கிடைக்கவில்லை. திட்டத்தில் முதல் ஓட்டை அங்கேதான் விழுந்தது.

மதியம் பாச்விட்ஸே கடற்கரைக்குப் போனோம். பழைய நகரத்திலிருந்து பத்து நிமிட நடை. டால்மேஷியா எனப்படும் இந்தக் கடலோரப் பகுதியில் பெரும்பாலும் பாறையும் கூழாங்கல்லும்தான். இங்கேயோ மணல். கடலுக்குள் நெடுந்தூரம் போனாலும் தண்ணீர் காலுக்குமேல் ஏறாது. கரையோரம் நீச்சலுக்கு லாயக்கில்லாத ஆழம். அந்தக் குறையிலிருந்துதான் ஒரு விளையாட்டு பிறந்திருக்கிறது: பிட்ஸிகின். 1908இல் பிராக் நகரில் படித்துத் திரும்பிய மாணவர்கள் அங்கே பார்த்த வாட்டர் போலோவை இங்கே ஆடிப் பார்த்தார்கள், ஆழம் போதவில்லை, ஆட்டம் வேறொன்றாக மாறிவிட்டது என்கிறார்கள். இன்று குரோஷியா அதைத் தன் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்துக் காக்கிறது. புத்தாண்டு அன்று குளிரிலும் இறங்கி ஆடுவார்களாம்.

ஐந்து பேர் வட்டமாக நிற்க வேண்டும். மேல்ரோமத்தை உரித்துவிட்ட டென்னிஸ் பந்து ஒன்று. அதைப் பிடிக்கக் கூடாது, உள்ளங்கையால் தட்ட வேண்டும். தண்ணீரில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். வலை கிடையாது, புள்ளி கிடையாது, வெற்றி தோல்வி கிடையாது. எட்டாத பந்துக்குப் பாய்ந்து விழலாம். அழகாக விழுந்தால் பந்து போனாலும் பாராட்டு உண்டு.

"அப்படியென்றால் யார் ஜெயித்தார்கள் என்று எப்படித் தெரியும்?" என்று கணக்காளன் கேட்டான். தெரியாது என்றோம். "அப்புறம் எதற்கு ஆடுகிறார்கள்?" என்றான். முகத்தில் நிஜமான கலக்கம்.

நாங்கள் ஆடிய லட்சணத்தைக் கரையிலிருந்து ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர், நல்ல தொந்தி. பொறுக்க முடியாமல் எழுந்து வந்தார். எங்கள் கையிலிருந்த புது டென்னிஸ் பந்தை வாங்கிப் பார்த்து, கெட்டுப்போன தக்காளியைத் திருப்பித் தருவதுபோலத் தந்தார். தன் பையிலிருந்து வழுக்கைப் பந்து ஒன்றை எடுத்தார். பிறகு அந்த மனிதர் செய்ததை எப்படிச் சொல்ல! தலைக்கு மேல் போன பந்துக்குப் பக்கவாட்டில் எழும்பி, கையை நீட்டி, விரல் நுனியால் எனக்குத் திருப்பிவிட்டு, தொந்தியோடு தண்ணீரில் படுத்தார். எழுந்து மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி நின்றார். பந்து என் தோளில் பட்டு விழுந்தது. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளும் அங்கேதான். அதற்கடுத்த நாள் ஹ்வார் தீவுக்குப் படகு டிக்கெட் எடுத்திருந்தோம், போகவில்லை.

அண்ணன் கேட்டதில் உள்ளே இன்னொன்று இருக்கிறது. பழமையான ஊருக்குப் போனால் கைகட்டி நின்று பார்க்க வேண்டும், விளையாடினால் மரியாதைக் குறைவு என்ற எண்ணம். இந்த ஊரே அப்படி உருவாகவில்லையே! ஏழாம் நூற்றாண்டில் பக்கத்து ஊரான சலோனா அழிந்தபோது உயிர் தப்பியவர்கள் இந்த அரண்மனைக்குள் புகுந்து, கிடைத்த இடத்தில் சுவர் எழுப்பிக் குடியேறினார்கள். ரோமக் கடவுள் ஜூபிடரின் கோயிலில் இன்று ஞானஸ்நானத் தொட்டி இருக்கிறது. ரோமச் சுவரின் ஜன்னலில் உள்பாவாடை காய்கிறது. புழங்கிப் புழங்கித்தான் இந்த ஊர் பிழைத்திருக்கிறது. யாரும் உள்ளே வராமல் பூட்டி வைத்திருந்தால், அந்தக் கல்லெல்லாம் எப்போதோ வேறு யார் வீட்டுக்காவது போயிருக்கும்.

இதைச் சொன்னதால், குடித்துவிட்டு நள்ளிரவில் அரண்மனைச் சந்துகளில் கூச்சலிடும் கூட்டத்துக்கும் நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். ஊருக்குள் நீச்சலுடையில் திரிந்தாலும் கண்ட இடத்தில் குடித்தாலும் அபராதம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும். அது விளையாட்டல்ல, பிறர் தூக்கத்தில் மண்ணள்ளிப் போடுவது.

நாங்களும் யோக்கியர்கள் இல்லை. மதிலுக்குள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஐந்து சக்கரப் பெட்டிகளைக் காலை ஆறு மணிக்கு அந்தக் கற்பாதையில் இழுத்துப்போன சத்தத்தில் எதிர்வீட்டு மூதாட்டி ஜன்னலைத் திறந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த வரிசையில் பூந்தொட்டி வைத்திருந்த ஜன்னல் அவருடையது மட்டும்தான். மற்றதெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கான வாடகை அறைகள். எங்கள் படுக்கை இருந்த இடத்தில் முன்பு ஒரு குடும்பம் இருந்திருக்கும். அடுத்த முறை மதிலுக்கு வெளியே தங்குவது என்று விமான நிலையப் பஸ்ஸில் முடிவு செய்தோம்.

அந்த பஸ்ஸில்தான் கணக்காளன் தூங்கிவிட்டான். கைப்பேசி மடியில் திறந்தபடி கிடந்தது. எட்டிப் பார்த்தேன். பந்து விழாமல் அதிகபட்சம் எத்தனை தட்டு என்று நாள்வாரியாகக் குறித்து வைத்திருந்தான்: 4, 9, 7, 23.

கடைசி எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "பெரியவர் இல்லாமல்" என்று எழுதியிருந்தது.