ரைன்ஹார்ட் அப்படிச் சொல்லவில்லை

"அமெரிக்கர்கள் தொட்டதற்கெல்லாம் மருத்துவரிடம் ஓடுவதால்தான் அங்கே மருத்துவச் செலவு அதிகம் என்று கண்டுபிடித்தவர் டாக்டர் ஊவே ரைன்ஹார்ட்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. பொருளாதார அறிஞரான அவர் காட்டியது கிட்டத்தட்ட இதற்கு நேர்மாறானது.

2003-இல் 'ஹெல்த் அஃபேர்ஸ்' இதழில் அவரும் மூன்று சகாக்களும் எழுதிய கட்டுரையை எடுத்துப் பாருங்கள். பல வளர்ந்த நாடுகளின் புள்ளிவிவரங்களை அதில் ஒப்பிட்டிருக்கிறார்கள். ஆளுக்கு எத்தனை முறை மருத்துவரைப் பார்க்கிறார்கள், எத்தனை நாள் மருத்துவமனையில் படுக்கிறார்கள் என்று கணக்கிட்டால் அமெரிக்கா நடுத்தர அளவைவிடக் கீழேதான் இருக்கிறது. ஆனாலும் செலவு எல்லோரையும்விட அதிகம். அப்படியானால் வித்தியாசம் எங்கே? விலையில். அதே சிகிச்சைக்கு அங்கே அதிகம் வசூலிக்கிறார்கள். கட்டுரையின் தலைப்பே விலையைத்தான் சுட்டுகிறது. அவர் மறைந்த பிறகு, 2019-இல், சகாக்கள் அதே இதழில் மறுபடி கணக்குப் பார்த்தார்கள். முடிவு மாறவில்லை.

அப்புறம், அவர் மருத்துவர் அல்ல. 1937-இல் ஜெர்மனியில் பிறந்து, யேல் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்று, பிரின்ஸ்டனில் சுமார் 50 ஆண்டுகள் கற்பித்தவர், 2017-இல் காலமானார். தைவான் 1995-இல் தொடங்கிய தேசிய மருத்துவக் காப்பீட்டுக்கும் ஆலோசனை சொன்னவர்.

நோயாளிகளின் பக்கம் நின்று பேசிய ஒருவர் பெயரில் நோயாளிகள்மீதே பழி போடும் செய்தி இது. உங்களுக்கு வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தைக் கொடுங்கள்.