பதினாறாம் எண் சட்டை

போன ஞாயிறு மாலை, தட்டுவடை செட் கடையில் நின்றுகொண்டிருந்தபோது, எங்கள் சேலம் ரக்பிக் குழுவின் தம்பி ஒருவன் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து என்னிடம் நீட்டினான். 2027 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்கா களமிறக்க வேண்டிய ரக்பி அணி. ஒன்றிலிருந்து பதினைந்து வரை எண் போட்டு அழகாக எழுதியிருந்தான். "அண்ணா, இந்தப் பதினைந்து பேரை ஜெயிக்க உலகத்தில் ஓர் அணி இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள்" என்றான். பக்கத்தில் நின்றவன் உடனே பத்தாம் எண்ணில் விரலை வைத்து மறுத்தான். அவ்வளவுதான். தட்டுகள் காலியாகி, கடைக்காரர் பீட்ரூட், கேரட் துருவல் பாத்திரங்களை மூடி எடுத்து வைக்கும்வரை அந்தப் பேச்சு ஓயவில்லை. ஒன்றரை மணி நேரமும் பத்தாம் எண்ணைப் பற்றியே பேசினோம். தாளில் பதினாறாம் எண்ணே இல்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் எனக்கே அது உறைத்தது. உறக்கம் போய்விட்டது. அதனால்தான் இந்தப் பதிவு.

ரக்பி அறியாத நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ரக்பி யூனியன் ஆட்டத்தில் களத்தில் பதினைந்து பேர். வெளியே எட்டு மாற்று வீரர்கள். ஆக ஓர் ஆட்டத்துக்கான அணி என்றால் 23 பேர். பத்தாம் எண் ஃப்ளை-ஹாஃப். பந்தைக் கையால் கொண்டு போவதா, காலால் உதைப்பதா என்று முடிவு செய்பவர் அவர். பெரும்பாலும் கோல் உதைகளும் அவருடைய பொறுப்புதான். கேமரா அவரை விட்டு விலகாது. இரண்டாம் எண் ஹூக்கர். இரு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் முட்டித் தள்ளுகிற ஸ்க்ரமில், முன்வரிசை மூவரில் நடுவே நின்று, உள்ளே உருட்டிவிடப்படும் பந்தைக் காலால் பின்னுக்கு இழுப்பவர். பந்து பக்கக்கோட்டைத் தாண்டிப் போனால், வரிசையாக நிற்கும் வீரர்களின் தலைக்கு மேல் அதைத் துல்லியமாக எறிந்து ஆட்டத்துக்குள் கொண்டுவருவதும் அவர்தான். அந்த ஹூக்கருக்கு மாற்றாக வெளியே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் வழக்கமாகப் பதினாறாம் எண் சட்டை.

நம் பக்கத்துக் கபடியிலும் இதே கதைதான். பாடிப் போகிறவன் பெயர் ஊர் முழுக்கத் தெரியும். ஓரத்தில் நின்று கணுக்காலைப் பிடித்து நிறுத்துகிறவன் பெயரைப் பக்கத்துத் தெருவில் கேட்டால் தெரியாது. பாடுகிறவர்களாகவே ஏழு பேரை இறக்கினால் என்ன ஆகும் என்று கபடி பார்த்து வளர்ந்த எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ரக்பி என்று வந்துவிட்டால் மட்டும் அந்த அறிவை நாம் ஏனோ வீட்டில் வைத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

2023 உலகக் கோப்பையை நான் திரும்பத் திரும்பப் பேசுவதாக நண்பர்கள் குறைபட்டுக்கொள்கிறார்கள். பேசத்தான் செய்வேன். அணித் தேர்வு என்றால் என்ன என்பதை அந்த ஒரு தொடரைப் போல வேறெதுவும் எனக்குக் கற்றுத் தரவில்லை.

தென்னாப்பிரிக்கா முதலில் அறிவித்த 33 பேரில் ஹாண்ட்ரே போலார்ட் இல்லை. 2019இல் கோப்பையை வென்ற அணியின் பத்தாம் எண் வீரர் அவர். கெண்டைக்கால் காயத்திலிருந்து முழுமையாக மீளவில்லை என்று விட்டுவிட்டுப் போனார்கள். தொடர் தொடங்கிய பிறகு பயிற்சியின்போது மால்கம் மார்க்ஸுக்கு முழங்காலில் அடிபட்டு அவர் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. மார்க்ஸ் யார்? உலகின் தலைசிறந்த ஹூக்கர்களில் ஒருவர். ஹூக்கர் போனால் இன்னொரு ஹூக்கரைத்தானே அழைக்க வேண்டும்? அவர்கள் போலார்டை அழைத்தார்கள். இப்போது அணியில் ஹூக்கராகவே ஆடிவந்தவர் என்று மிஞ்சியது போங்கி எம்போனாம்பி ஒருவர்தான். அவருக்கு மாற்று டியோன் ஃபோரி. இளமையில் ஹூக்கராக ஆடியிருந்தாலும், தேசிய அணிக்குள் ஸ்க்ரமின் பக்கவாட்டில் நிற்கும் ஃப்ளாங்கராக வந்தவர். முதன்முதலாகத் தென்னாப்பிரிக்கச் சட்டை அணிந்தபோது அவருக்கு வயது 35.

அரையிறுதியில் இங்கிலாந்தை 16–15 என்று வென்றதே போலார்டின் காலால்தான். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, ஐம்பது மீட்டருக்குச் சற்றே குறைந்த தொலைவிலிருந்து அவர் உதைத்த பெனால்டி அது, அதாவது எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும், மூன்று புள்ளி தரும் கோல் உதை. ஆனால் அந்தப் பெனால்டி எங்கிருந்து வந்தது? ஒரு ஸ்க்ரமிலிருந்து. மாற்று வீரராக இறங்கிய ப்ராப், அதாவது முன்வரிசையில் ஹூக்கருக்குப் பக்கத்தில் நிற்பவர், ஆக்ஸ் என்ச்சே எதிரணியின் முன்வரிசையைத் தள்ளி உடைத்ததால் கிடைத்தது. உதையின் காணொளி எல்லோர் கைப்பேசியிலும் இருக்கிறது. அந்த ஸ்க்ரமைச் சேமித்து வைத்திருப்பவர் எங்கள் குழுவில் ஒருவர்கூட இல்லை.

அக்டோபர் 28, பாரிஸ் இறுதியாட்டம். எதிரே நியூசிலாந்து. மாற்று வீரர்கள் எட்டுப் பேரில் ஏழு பேரை ஸ்க்ரமில் தள்ளுகிற எட்டு இடங்களுக்கே எடுத்துவிட்டு, பின்களத்துக்கு ஒரே ஒருவரை வைத்துக்கொண்டு இறங்கினார்கள். மூன்றாவது நிமிடத்தில் எம்போனாம்பியின் முழங்காலில் அடி. வெளியேறினார். பதினாறாம் எண் சட்டையோடு ஃபோரி உள்ளே வந்தார். 37 வயதில், உலகக் கோப்பை இறுதியாட்டம் கிட்டத்தட்ட முழுவதையும், தேசிய அணியில் தனக்கு வழக்கமில்லாத இடத்தில் நின்று ஆடினார். பக்கக்கோட்டு எறிதல்கள் தடுமாறின. ஒவ்வொரு எறிதலுக்கும் நான் நாற்காலி நுனிக்கு வந்தேன். ஆனாலும் அவர் தளரவில்லை, அணியும் தளரவில்லை. தென்னாப்பிரிக்கா எடுத்த 12 புள்ளிகளும் போலார்டின் நான்கு பெனால்டிகள். முடிவு 12–11.

இதை எப்படிப் படிப்பது? ஹூக்கருக்குப் பதில் உதைப்பவரை அழைத்த துணிவு கோப்பையைக் கொடுத்தது என்று எங்கள் குழுவில் பெரும்பாலோர் சொல்கிறார்கள். நான் அவ்வளவு எளிதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். கடைசிக் கட்டத்தில் நியூசிலாந்தின் ஜோர்டி பாரெட் தொலைவிலிருந்து உதைத்த பெனால்டி கம்பத்துக்கு வெளியே போயிற்று. அது உள்ளே போயிருந்தால், "இரண்டாவது ஹூக்கர் இல்லாமல் இறுதியாட்டத்துக்குப் போன மடையர்கள்" என்று இதே நண்பர்கள் இதே கடையில் திட்டியிருப்பார்கள். தேர்வு மாறவில்லை, பந்து சில அடி தள்ளிப் போயிற்று, அவ்வளவே. தேர்வு சரியா தவறா என்பதை அது முடிவான நேரத்தில் அவர்களுக்குத் தெரிந்திருந்ததை வைத்துத்தான் எடைபோட வேண்டும். உதைகள் தவறிக்கொண்டிருந்தன என்பது அவர்களுக்குத் தெரியும். ஃபோரியால் எந்த இடத்திலும் நின்று தாக்குப்பிடிக்க முடியும் என்பதும் தெரியும். எந்த ஓட்டையைத் தாங்கிக்கொள்ளலாம், எதைத் தாங்க முடியாது என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கைத்தான் நான் மதிக்கிறேன்.

2013இல் பிரிட்டன், அயர்லாந்து வீரர்களின் கூட்டணியான பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணி ஆஸ்திரேலியாவில் மூன்றாவது டெஸ்ட் ஆடுவதற்கு முன் பயிற்சியாளர் வாரன் காட்லாண்ட், அயர்லாந்தின் நட்சத்திர வீரர் பிரையன் ஓட்ரிஸ்கோலை 23 பேரிலிருந்தே நீக்கினார். அயர்லாந்தே கொதித்தது. லயன்ஸ் 41–16 என்று வென்றது. வென்றதும் ஓட்ரிஸ்கோல் ரசிகர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை. பத்தாண்டுக்கு மேல் ஒரு மனிதனை நேசித்தவர்கள் அவனுக்காகக் கோபப்பட்டார்கள். அதில் என்ன குற்றம்?

"நாம் பேசி என்ன ஆகப்போகிறது, பயிற்சியாளருக்குத் தெரியாதா" என்று ஒரு கட்சி எப்போதும் உண்டு. அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 2025 ஜூனில் முதல் ரக்பி பிரீமியர் லீக்கைச் சென்னை புல்ஸ் வென்ற பிறகுதான் இங்கே சில இளைஞர்கள் இந்த ஆட்டத்தின் பக்கம் திரும்பினார்கள். அவர்களுக்கு விதிப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு வைத்துவிடுவார்கள். "உன் அணியில் லூஸ்ஹெட் ப்ராப், அதாவது ஹூக்கருக்கு இடப்பக்கம் நிற்பவன், யார், அவன் ஏன்?" என்று கேட்டால் இரவெல்லாம் காணொளி பார்த்துவிட்டு வந்து பதில் சொல்கிறார்கள். பருவம் தொடங்குவதற்கு முந்தைய இந்த வாரங்கள்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடம். ஆகவே வாதாடுங்கள். இன்னும் சத்தமாகக்கூட வாதாடுங்கள். ஆனால் 23 வரை எழுதிவிட்டு வாதாடுங்கள்.

பட்டியலில் இல்லாதவனையும் கொஞ்சம் நினையுங்கள். 2011 உலகக் கோப்பையில் நியூசிலாந்தின் பத்தாம் எண் வீரர் டான் கார்ட்டர் பயிற்சியில் காயமடைந்தார். அடுத்து காலின் ஸ்லேட். இறுதியாட்டத்தின் நடுவே ஆரன் குரூடன். அந்த இடத்துக்கு நான்காவதாக இறங்கியவர் ஸ்டீவன் டொனால்ட். அணிக்கு அழைப்பு வந்தபோது ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர். அவசரத்தில் கொடுத்த சட்டை அவருக்கு இறுக்கமாக இருந்தது. அவர் உதைத்த பெனால்டியால்தான் பிரான்ஸை 8–7 என்று வென்றார்கள். அவ்வளவு தூரம் எதற்குப் போக வேண்டும்? நம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2020 இறுதியில் ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்கு முதலில் தேர்வானது வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகத்தான். யாருடைய பதினொருவர் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. ஒருவர் பின் ஒருவராகக் காயமடைய, ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவ ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட். சேலம் மாவட்டத்துக்காரனுக்கு மாற்று வீரனின் அருமையை வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதையெல்லாம் இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் நடந்த எழுவர் ரக்பிப் போட்டி ஒன்றுக்கு எங்கள் குழு போயிற்று. பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்த மூவரில் நானும் ஒருவன். எழுவர் ஆட்டத்தில் ஓட்டம்தான் எல்லாம் என்று முடிவு கட்டி, ஏற்காடு அடிவாரத்திலிருந்து ஐந்தாவது கொண்டை ஊசி வளைவு வரை ஓடவிட்டு, கடிகாரத்தை வைத்துப் பட்டியல் எழுதினோம். வாழப்பாடிப் பக்கத்துப் பையன் ஒருவன் கடைசியாக வந்தான். கபடியில் பிடிக்கிற பையன். தோள் அகலம், ஓட்டம் மெதுவு. எழுவர் ஆட்டத்தின் மூவர் ஸ்க்ரமில் நடுவே நிற்கக் கற்றிருந்தவர்கள் எங்களில் இருவர். அதில் அவன் ஒருவன். அவனை விட்டுவிட்டோம்.

அன்றைய இரண்டாவது ஆட்டத்தில் எங்கள் நடு ஆளின் தோள்பட்டை பிசகியது. அந்த இடத்தில் நிற்கப் பழகாத ஒரு பையனை நிறுத்தினோம். ஒவ்வொரு ஸ்க்ரமிலும் பந்து போயிற்று. பந்து போனதுகூடப் பெரிதில்லை. முன்வரிசை என்பது கழுத்தைக் கொடுத்து நிற்கிற இடம். முன்வரிசைக்குப் பழகிய ஆள் மிஞ்சவில்லை என்றால் பதினைவர் ஆட்டத்தில் தள்ளாமல் ஸ்க்ரம் ஆட நடுவர் உத்தரவிடுவது அதனால்தான். 23 பேர் அணியில் இரண்டு முழு முன்வரிசைகள் இருந்தாக வேண்டும் என்ற விதியும் அதற்காகத்தான். இவ்வளவும் தெரிந்த நான், அந்தப் பையனின் தலை உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் கோட்டுக்கு வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் என்னை நான் மன்னித்திருக்க மாட்டேன்.

அன்று விடியற்காலை ஐந்து மணிக்குச் சேலம் புதிய பஸ் நிலையத்தில் எங்களை வழியனுப்ப வந்தவர்களில் வாழப்பாடிப் பையனும் இருந்தான். பந்துப் பையைத் தூக்கிவந்து பஸ்ஸில் ஏற்றியவன் அவன்தான்.

பயிற்சி ஆட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பருவத்துக்கு முந்தைய ஆட்டத்தில் ஒருவன் எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து இரண்டு ட்ரை போட்டுவிட்டால் "அவனை எடு" என்று உடனே கிளம்பிவிடுகிறோம். எதிரே நின்றவர்கள் யார், எத்தனையாவது நிமிடம், எத்தனை பேர் களைத்திருந்தார்கள் என்று கேட்பதில்லை. நான் இப்போது புள்ளியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். தரையில் விழுந்தவன் எவ்வளவு விரைவாக எழுகிறான், மூச்சு வாங்கும்போதும் பக்கத்தில் நிற்பவனோடு பேசிக்கொண்டே இருக்கிறானா, பந்து தன் பக்கம் வராத பத்து நிமிடங்களில் என்ன செய்கிறான் என்பவற்றையே பார்க்கிறேன்.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் கூடுகிறோம். இந்த ஆண்டுக்கான பன்னிரண்டு பேரை அன்று எழுதப்போகிறோம். ஓட்டமும் இருக்கும், ஆனால் அதற்கு முன் ஸ்க்ரம். வாழப்பாடித் தம்பிக்கு நேற்றே பேசிவிட்டேன். முதல் பஸ்ஸில் வந்துவிடுவதாகச் சொன்னான். தென்னாப்பிரிக்கப் பட்டியல் எழுதிய தம்பியும் இதைப் படித்துக்கொண்டிருப்பான். தம்பி, அந்தத் தாளைக் கொண்டு வா. பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. பதினாறிலிருந்து எழுதிக்கொண்டு வா. அதற்கப்புறம் பத்தாம் எண்ணைப் பேசுவோம்.