அந்த 8 ஜிபி வரம்பு யாருக்கு?
ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் (நிஜக் கணினிக்குள் மென்பொருளால் ஓடும் கணினி) ஹார்ட் லிமிட், அதாவது நினைவகத்துக்கு மீற முடியாத உச்சவரம்பு, வைத்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என் தூக்கம் போனதே அதனால்தான். லினக்ஸின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம்மில் 8 ஜிபி நினைவகம் கொடுத்த மெய்நிகர் கணினிக்கு, அதை நிர்வகிக்கும் லிப்விர்ட் மென்பொருளில் ஹார்ட் லிமிட்டையும் அதே 8 ஜிபி என்று எழுதி வைத்தேன். அந்த வரம்பு உள்ளே ஓடும் இயங்குதளத்துக்கு மட்டுமானதல்ல. அந்த மெய்நிகர் கணினியைச் சுமக்கும் கியூஇமு என்ற நிரல் தன் சொந்தச் செலவுக்கு எடுக்கும் நினைவகமும் அதில் சேரும் (அசட்டுத்தனம் என்னுடையதுதான்). ஒரு நாள் நள்ளிரவு பேக்கப் ஓடியபோது வரம்பு மீறிப்போக, ஹோஸ்ட்டின் (எல்லாவற்றையும் தாங்கும் நிஜக் கணினி) லினக்ஸ் கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, கியூஇமுவையே கொன்றுவிட்டது. மெய்நிகர் கணினிக்குள் லாகில் (நிகழ்வுப் பதிவில்) ஒரு வரிகூட இல்லை, பிளக்கைப் பிடுங்கியதுபோல. ஹோஸ்ட்டின் கர்னல் லாகில்தான் விடை கிடந்தது. சரியான அளவை முன்கூட்டியே கணிக்க முடியாது என்பதால், இதை வைக்க வேண்டாம் என்று லிப்விர்ட் ஆவணமே எச்சரிக்கிறது. இப்போது ஹோஸ்ட்டுக்குக் கொஞ்சம் நினைவகத்தை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைத்தான் பங்கிடுகிறேன்.