கயிறு தாங்கினாலும் விழுந்த கணக்குதான்
உக்ரைன் குத்துச்சண்டை வீரர் உசிக்குடன் மோதியபோது, கயிறு தாங்கி நின்ற பிரிட்டிஷ் வீரர் டைசன் பியூரியை விழுந்தவராகக் கணக்கிட்டது அநியாயம் என்று கட்டுரையில் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. 2024 மே மாதம் ரியாத்தில் நடந்த அந்தச் சண்டையைச் செங்கோட்டையில் விடியற்காலை போனில் பார்த்தோம், கூட இருந்த புனலூர்க்காரச் சேட்டன் இன்றுவரை பியூரி கட்சி. சரி, ஒன்பதாவது ரவுண்டில் உசிக் விட்ட குத்துகளில் பியூரி கயிற்றில் மோதி மோதித் தள்ளாடினாரே, கயிறு இல்லையென்றால் தரையில்தானே கிடந்திருப்பார்? ரெஃப்ரி அதை விழுந்ததாக எடுத்து எட்டு வரை எண்ணினார், அதனால் பியூரிக்கு ஒரு புள்ளி கூடுதலாகக் குறைந்து ரவுண்டு 10-9 ஆகாமல் 10-8 ஆனது. அந்த ஒரு புள்ளி குறையாமல் இருந்திருந்தால் உசிக்குக்கு 114-113 கொடுத்த நடுவரின் அட்டை சமனாகியிருக்கும், மற்ற இரு நடுவர்களில் ஒருவர் உசிக்குக்கும் ஒருவர் பியூரிக்கும் கொடுத்ததால் மொத்தச் சண்டையும் டிராதான். அப்புறம் மறுசண்டை முன்பே ஒப்பந்தத்தில் இருந்தது, யாரும் தயவு காட்டவில்லை. அந்த மறுசண்டையில், டிசம்பரில், மூன்று நடுவர்களும் 116-112 என்று உசிக்குக்கே கொடுத்தார்கள். அதற்கும் சேட்டன் அசையவில்லை, கட்டன் சாயாவை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.