மற்ற வட்டுகளின் கேபிளைக் கழற்றிவிடுங்கள்

பழைய கணினியில் எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பு வட்டு) பொருத்தி விண்டோஸ் 11-ஐ நிறுவலாம், பழைய ஹார்டு டிஸ்க்கைக் கோப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்கிறது உங்கள் கட்டுரை. நல்ல யோசனைதான். ஆனால் முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது: நிறுவும்போது மற்ற வட்டுகளின் கேபிளைக் கழற்றிவிட வேண்டும்.

நான் கழற்றவில்லை. விண்டோஸ் புது எஸ்எஸ்டியில் அமர்ந்தது. அதைத் தொடக்கிவைக்கும் சிறு பகிர்வு (வட்டில் தனியாகப் பிரித்த பகுதி) மட்டும் பழைய வட்டிலேயே தங்கிவிட்டது. நான்கு மாதம் கழித்து, இனி எதற்கு என்று அந்தக் கிழட்டு வட்டைப் பிடுங்கினேன். கணினி எழவே இல்லை. எஸ்எஸ்டிதான் கெட்டுவிட்டது என்று அதைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம். அதில் புதிதாக ஒரு பகிர்வை உருவாக்கி, நிறுவல் பென்டிரைவிலிருந்து, தொடக்கக் கோப்புகளை எழுதும் பிசிடிபூட் (bcdboot) கட்டளையை இயக்கிய பிறகுதான் உயிர் வந்தது.

வட்டை எம்பிஆர் என்ற பழைய பகிர்வு முறையில் பிரித்தால் வழக்கமான வட்டுகளில் சுமார் 2 டெராபைட்டுக்கு மேல் பயன்படுத்த முடியாது. பெரிய வட்டுக்கு ஜிபிடி என்ற புதிய முறைதான் சரி. டிபிஎம் 2.0 (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதி) இல்லாத கணினியை விண்டோஸ் 11-க்கு வலிந்து இழுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. லினக்ஸ் நிறுவிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். காப்பு நகல் எடுக்கச் சொன்னீர்கள், சரி. எடுத்த நகல் திறக்கிறதா என்று பார்க்கவும் சொல்லியிருக்கலாம்.